எழுதிக் கொடுத்த எடை

"எண்பத்தஞ்சு" என்று தன் எடையைச் சொல்லிவிட்டு, ரூமியானா எண்பத்தைந்து கிராமுக்குப் படிக்கற்களை எடுத்து, விமானம் ஓட்டப் பழகும் வகுப்பிலிருந்த மாதிரி மர விமானத்தின் முன்சீட்டில் வைத்தாள்.

நிஜத்தில் ஒரு கிலோ என்றால் இங்கே ஒரு கிராம். கட்டை விளிம்பில் நின்ற அந்த முழ நீள விமானம் லேசாக ஆடி, சமமாக நின்றது.

"எண்பத்தஞ்சா? எது, இடது காலு மட்டுமா?" என்றான் யாசென், பக்கத்தில் இருந்தவனிடம்.

வகுப்பு முழுக்கக் கேட்டது. சிரிப்பு. ரூமியானாவின் காது சிவந்துபோயிற்று.

பயிற்சியாளர் பெலெவ் நிமிரவே இல்லை. "எண்பத்தஞ்சு. சரி. அடுத்தது யாரு?"

யாசெனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் இதே மனுஷன்தான் வால் பக்கம் கொஞ்சம் எடையைக் கூட்டி, விமானத்தைத் தொப்பென்று சாய்த்துக் காட்டினார். "எடையில பொய் சொன்னா, மேல போனதும் தெரியும்" என்று மிரட்டினார்.

வகுப்பு முடிந்ததும் அவரைத் தேடி விமானக் கொட்டகைக்கே போனான்.

"தப்பா நினைக்காதீங்க சார். அவ நூறுக்குக் குறைய மாட்டா. எங்களுக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா? நாளைக்கு அவகூட பறக்கப் போறது நீங்கதானே?"

பெலெவ் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நூத்தி நாலு."

"என்னது?"

"ஏறி உட்காரும்போது சக்கரக் கால் எவ்வளவு அமுங்குதுன்னு பார்த்தே சொல்லிடுவேன்பா. முப்பது வருஷமாச்சே. அவ பறக்கற அன்னிக்கு பெட்ரோலைப் பத்தொம்பது கிலோ குறைச்சுத்தான் ஊத்தறேன்."

"அதை வகுப்புலயே சொல்லியிருக்கலாமே சார்!"

"இருபது பேர் முன்னாடியா? மறுநாள் வரவே மாட்டா. அருமையா ஓட்டற பொண்ணு. ஒருநாள் அவளே வந்து சொல்லுவா."

"இருந்தாலும் பொய் பொய்தானே சார்? அதுக்கு நீங்க துணை போகலாமா?"

பெலெவ் அவனையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"யார்கிட்டயும் காட்டினதில்லை. உன்னோட போகட்டும்."

பென்சில் எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரண்டு எண்கள். முதலாவது, சேரும்போது அவரவர் எழுதிக் கொடுத்தது. இரண்டாவது, அவர் கண்டுபிடித்தது.

'ரூமியானா: 85, 104.'

யாசெனின் கண் அடுத்த வரிக்கு இறங்கியது.

'யாசென்: 72, 81.'