இன்னொரு வாய்தா

கடத்தூர் ரைஸ்மில் முதலாளி தமிழ்மணியின் கழுத்துச் சங்கிலியிலிருந்து வனத்துறை பிடுங்கியது ஒரே ஒரு சிறுத்தை நகம். அதைக் கண்ணாடி டப்பாவில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். விசாரணை நாளில் நீதிமன்றச் சான்றுப்பொருள் அறையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து வருவது என் வேலை.

வாய்தா வாங்க அந்த ஆளுக்கு வெட்கமே கிடையாது. மூட்டுவலி, மச்சினன் மகளுக்குக் காதுகுத்து, வக்கீலுக்குக் காய்ச்சல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் டப்பாவில் ஒரு நகம் கூடியது. முத்திரை உடையவில்லை. பதிவேட்டில் எழுதினேன். “ஒழுங்கா எண்ணத் தெரியாதா?” என்று மேலதிகாரி அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்.

இன்று பதினேழு இருந்தன.

தமிழ்மணி வெற்றிலைப் பல்லைக் காட்டிச் சிரித்தார். “செத்த பூனைக்கு இவ்ளோ கூத்துங்களா? இன்னொரு வாய்தா வாங்கிட்டேனுங்க.”

சாட்சி சொல்ல வந்து வழக்கம்போல் காத்திருந்த வனக்காப்பாளர் கோகிலவாணி டப்பாவை உற்றுப் பார்த்தார்.

“ஒரு சிறுத்தைக்கு மொத்தம் எத்தனை நகம்மா?” என்று கேட்டேன்.

“பதினெட்டுங்க.”

டப்பாவைக் கையில் எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணாடியின் உட்புறம் மூச்சுப் பட்டதுபோல ஆவி படர்ந்து, அடங்கி, மறுபடி படர்ந்தது.

தமிழ்மணிக்கு அடுத்த வாய்தா தேதியை நானே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

“அன்னிக்கு மட்டும் தவறாம நேர்ல வந்துடுங்க.”