சாப்ட் உடைந்த மெசின்

மூன்றாவது தடவையும் முனாப் ஏலாது என்றுதான் சொன்னார்.

லிங்கநகரில் அவருடைய இரும்பு ஒட்டுப்பட்டறை. மாட்டு வண்டிலில் ஏற்றி வந்த இரண்டு சில்லு உழவு மெசின் வாசலில் கிடந்தது. எஞ்சினில் பிழையில்லை. அதன் ஓட்டத்தைச் சில்லுக்குக் கொண்டுபோகும் சாப்ட்தான் இரண்டு துண்டு. எழுபத்து நாலாம் வருஷம் அது. புதுச் சாமான் கப்பலில் வருவதே நின்றுபோயிருந்தது. பழையதைத் திருத்தி, முன்னையதிலும் பலமாக்கித்தான் பூட்டவேண்டும்.

திருகோணமலையில் அந்த வேலைக்கு முனாப்பை விட்டால் ஆளில்லை.

மெசினின் சொந்தக்காரர் இராசதுரை போன மாசியில் இதே மெசின் குடைசாய்ந்துதான் இறந்தார். கப்பல்துறை ஊரில் அவருக்கு அரசாங்கம் கொடுத்த இரண்டு ஏக்கர் பெர்மிட் காணி. சிறுபோகம் விதைக்கவில்லை. மாரிப்போகமும் தரிசாய்க் கிடந்தால் பெர்மிட்டை வெட்டுவோம் என்று கடிதம் வந்திருந்தது. மழை தொடங்கிப் பத்து நாளாகிவிட்டது. ஊரிலுள்ள மற்ற மெசின்காரருக்கு அவரவர் வயலே முடியவில்லை.

இதையெல்லாம் இராசதுரையின் மனைவி புஷ்பவதி மறுபடியும் சொன்னாள். முனாப் மெசினைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார்.

வண்டிலோடு வந்திருந்த இராசதுரையின் தமையன் இரத்தினசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினுக்கு ஆசைப்பட்டுத்தான் இவன் இப்படிச் சொல்கிறான், தாலி இழந்தவளை அலைக்கழித்துக் கடைசியில் இரும்பு விலைக்குத் தானே வாங்கப் பார்க்கிறான் என்று தெருவுக்கே கேட்கப் பேசினார். எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் ஓம், ஓம் என்றார்கள். மெசினைத் திரும்ப ஏற்றுவதற்கு ஆள் பிடிக்க இரத்தினசிங்கம் சந்திப் பக்கம் போனார்.

புஷ்பவதி மெசினுக்குப் பக்கத்தில், சேற்றிலேயே குந்திவிட்டாள்.

"காணியும் போனால் நான் பிள்ளையளோடை கடலுக்கைதான் இறங்கவேணும், தம்பி."

முனாப் பட்டறைக்குள் போனார். பிறகு ஒரு பழந்துணியை எடுத்துவந்து, உடைந்த சாப்டின் முனையில் இருந்த கிறீசைத் துடைத்தார்.

"இதைப் பாருங்கோ அக்கா. இது என்ர ஒட்டு."

உடைந்த இடத்தில் பாதி பளபளத்தது. மீதி கறுத்துத் துருப்பிடித்திருந்தது. அந்தப் பாதி ஒரு நாளும் ஒட்டியிருக்கவில்லை.

"பயமாக்கிடக்கு, வேறை சாப்ட் தேடுவமோ எண்டு அவர் கேட்டவர். நான்தான், இந்தப் போகத்துக்குத் தாங்கும், கொண்டுபோங்கோ எண்டனான். நெல்லு மூட்டையோடை குளக்கட்டில ஏறேக்க ஒட்டு விட்டிட்டுது. மெசின் பின்னால உருண்டு அவருக்கு மேல..."

முனாப் துணியைக் கைக்குள் சுருட்டினார்.

"அவர் குடிச்சிட்டு வெறியில ஓட்டினவர் எண்டு ஊரில கதைச்சாங்கள். எனக்கு அது வசதியாப் போச்சு. வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். அந்த நாளில இருந்து ஒரு சாப்டும் நான் ஒட்டுறேல்லை."

அவள் திட்டுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று நினைத்துத் தலை குனிந்துகொண்டார். புஷ்பவதியின் குரல் உயரவேயில்லை.

"அவர் ஒரு நாளும் கள்ளைத் தொடாதவர், தம்பி. ஆசுபத்திரியில பொலிசு வந்து கேக்கேக்க, வெறியில ஓட்டினனான் எண்டு தானே சொல்லி எழுதுவிச்சவர். ஏனப்பா இப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு கேட்டனான். முனாப்பைப் பொலிசு பிடிச்சு மறியலில போட்டால் அவன்ர மூண்டு பிள்ளையளையும் ஆர் பாக்கிறது எண்டார்."

வண்டிலுக்கு ஆட்களோடு இரத்தினசிங்கம் வருவது தெரிந்தது. அவள் எழும்பிச் சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள்.

"எங்களுக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கினம் எண்டு சொல்ல வாயெடுத்தனான். அதுக்குள்ள கண்ணை மூடிட்டார்."