முதல் கல் வைத்தவர்

பல்கலைக்கழகப் பதிவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க கொத்தனாரே! வெள்ளிவிழா மலர்ல உங்க படம்தான் முதல் பக்கம்."

கொத்தனார் உட்காரவில்லை. "அதை எடுத்துடுங்க சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அட, அடக்கம் போதுங்க! பழைய பாலம் இடிஞ்சு நாப்பது பேர் போனாங்க. இனி ஒரு பாலமும் இடியக் கூடாதுன்னுதானே இந்தத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையே ஆரம்பிச்சாங்க? அந்த விபத்துல மனைவியைப் பறிகொடுத்துட்டு, அஸ்திவாரத்துக்கு முதல் கல் வெச்சது நீங்க. வேற யார் படத்தைப் போடுறது?"

"அம்மா மாதிரி இனி யாரும் சாகக் கூடாதுப்பா" என்று சொல்லித்தான் கொத்தனாரின் மகள் இங்கே முதல் வருடமே சேர்ந்தாள்.

"விழாவுக்குப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. பெரிய இன்ஜினியராச்சே!"

"அவ வர மாட்டா சார். பக்கத்து ஊர்ல கட்டுன புதுப் பாலம் காலையில இடிஞ்சு விழுந்துடுச்சு. அதுக்கு வரைபடம் போட்டது அவதான். போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பதிவாளர் பதறி எழுந்தார். "ஐயையோ! பொண்ணு என்ன சொல்லுது?"

"ஸ்டேஷன்ல போய்ப் பார்த்தேன். எத்தனை பேர் போனாங்கப்பான்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கா. நான் இன்னும் சொல்லலை."