மிதக்கிற கட்டை

மச்சினன் அவருக்குத் தர வேண்டிய கடன் நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அதற்கு ஈடாக அவன் கொண்டுவந்திருப்பது ஆற்றில் ஒதுங்கிய ஒரு வேர்க்கட்டை. "மீன்தொட்டிக் கடையில இது அஞ்சாயிரம், மாமா" என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொல்கிறான். மூட்டை தூக்கிக் காய்த்த கையால் அவர் கட்டையை வீட்டு மீன்தொட்டிக்குள் அமுக்குகிறார். கையை எடுத்ததும் அது குபுக்கென்று மேலே வருகிறது. மிதக்காமல் இருக்கட்டும் என்று கட்டையை வேகவைத்த சோற்றுப்பானை, தேயிலைச் சாயம் போல் கறை ஏறிக் கிடக்கிறது. "காசும் போச்சு, என் பானையும் போச்சு" என்று பெண்டாட்டி அடுப்படியிலிருந்து இரைகிறாள். தம்பியை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஊறினா தானா அமுங்கும், மாமா. பொறுமை வேணும்." அவர் கட்டையைக் கவிழ்த்து, பாரத்துக்குத் துளைபோட்ட கற்பலகை ஒன்றை அடியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகாணியை முறுக்குகிறார். மறுபடி இறக்குகிறார். கட்டை தள்ளாடித் தள்ளாடி மணலில் உட்காருகிறது. விரல்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். அது அசையவில்லை. ஒரு மீன் வேரிடுக்கில் நுழைந்து வெளியே வருகிறது. "பாத்தீங்களா! அப்ப நம்ம கணக்கு நேர்தானே?" "நேர்தான். இனி நான் கேக்க மாட்டேன்." கையின் ஈரத்தை மச்சினன் சட்டைத் தோளில் அழுத்தித் துடைக்கிறார். "நீயும் கேக்காதே."