கீரமங்கலம் லைன்

"கேள்வியெல்லாம் வேணாம் சார். இப்ப நெசமாவே ஓடாம கெடக்கிற லைன் ஏதாவது இருந்தா கொடுங்க, பாக்குறேன்."

ரத்தினவேல் கையிலிருந்த கேள்வித்தாளை மேசையில் வைத்தார். வேலை கேட்டு வந்தவர்கள் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. காலையில் வந்த இரண்டு பையன்களும், ரூட்டர்கள் வழி கண்டுபிடிக்கிற ஓஎஸ்பிஎஃப் முறை என்றால் என்ன என்ற முதல் கேள்விக்கே எழுந்து நின்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் போனார்கள். இவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதமே சரியில்லை. பெயர் ஜெனிஷா, ஆவூர்க்காரி என்று பயோடேட்டா சொன்னது.

கேபிள் டிவியில் ஆரம்பித்து, புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் இன்டர்நெட் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தவர் ரத்தினவேல். கம்பெனியின் ரூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ரகுநாத் திடுதிப்பென்று சிங்கப்பூர் போய்விட்டான். அவன் போன கையோடு கீரமங்கலம் லைன் படுத்துவிட்டது. இந்த வாயாடியை மடக்க அதுவே போதும் என்று தோன்றியது அவருக்கு.

"கீரமங்கலம் ஓடலை. டவர்ல கோளாறுன்னு நெனக்கிறேன். முடிஞ்சா கண்டுபிடிங்க" என்று கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

ஜெனிஷா விறுவிறுவென்று தட்டினாள். டவரில் ஒன்றுமில்லை என்றாள். ஒவ்வோர் ஊர் ரூட்டரும், தன்னிடம் என்னென்ன லைன் இருக்கிறது என்று மற்ற ரூட்டர்களுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்புகளை வைத்துத்தான் எல்லா ரூட்டரும் வழி கண்டுபிடிக்கும். கீரமங்கலத்தின் அறிவிப்பு புதுக்கோட்டைக்கு வருகிறது, உடனே காணாமல் போகிறது, திரும்ப வருகிறது.

"அது ஒழுங்காத்தான் சொல்லுது சார். வேற எதுவோ அழிச்சுக்கிட்டே இருக்கு."

ரத்தினவேலுக்குப் பொறுமை போயிற்று. கீரமங்கலத்துக்கான வழியை இங்கேயே கையால் எழுதிவைத்துவிட்டால் தீர்ந்தது, ரகுநாத் அப்படித்தான் செய்வான் என்றார்.

"அது ஒட்டுப் போடுற வேலை. நான் ஒட்டுப் போட வரலை சார்."

அவர் முகம் சிவந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கீரனூரிலும் விட்டுவிட்டுத்தானே வருகிறது என்று கேட்டாள். ரத்தினவேல் விழித்தார். புகார் போன் எடுக்கிற அடைக்கலமேரி அடுத்த மேசையிலிருந்து, ஆமாம், அங்கேயும் அதே நாளிலிருந்துதான் என்றாள்.

ஜெனிஷா திரையில் இரண்டு வரிகளைக் காட்டினாள். ஒவ்வொரு ரூட்டருக்கும் தனி அடையாள எண் இருக்க வேண்டும். சிங்கப்பூர் கிளம்பும் அவசரத்தில் கீரனூரில் புது ரூட்டர் மாட்டியபோது ரகுநாத் கீரமங்கலத்து செட்டிங்கை அப்படியே காப்பி அடித்திருக்கிறான். எண்ணை மாற்ற மறந்துவிட்டான். இப்போது இரண்டும் ஒரே ஆள் போலப் பேசுகின்றன. கீரமங்கலம் ஒன்று சொன்னால், 'நான் அப்படிச் சொல்லலையே' என்று கீரனூர் அதை அழித்துவிட்டுத் தன் கதையைச் சொல்கிறது.

"கீரனூர் எண்ணை மாத்தி ஒருதடவ ரீஸ்டார்ட் பண்ணணும். கொஞ்ச நேரம் நிக்கும்."

ரத்தினவேல் பதறிவிட்டார். கீரனூரில்தான் அவருடைய பெரிய வாடிக்கையாளரான ஜவுளிக்கடை இருக்கிறது. முகூர்த்த நாள் வேறு.

"இப்ப தொடாதீங்கம்மா. அடுத்த வாரம் பாத்துக்கலாம். இது என் ஆபீஸ்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"கீரனூர் ஒரு நிமிஷம் நின்னா ஒங்களுக்குப் பதறுது. கீரமங்கலம் ஒரு வாரமா நிக்குது. அங்கிட்டு இருக்கிறவங்க மனுசங்க இல்லையா?"

அடைக்கலமேரி தலையைக் குனிந்துகொண்டாள். ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று கீரமங்கலத்துக்காரர்களிடம் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். சொல்லச் சொன்னவர் ரத்தினவேல்.

"நான் முடியாதுன்னா என்ன செய்வீங்க?"

"இங்கேயே உக்காந்திருப்பேன். நீங்க சரின்னு சொல்ற வரைக்கும்."

செய்கிற ஆள்தான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எரிச்சலோடு ரத்தினவேல் கையை அசைத்தார்: செய்து தொலை.

ஜெனிஷா எண்ணை மாற்றினாள். கீரனூர் அணைந்தது. ரத்தினவேல் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கீரனூர் திரும்ப வந்தது. பிறகு கீரமங்கலத்தின் அறிவிப்பு வந்தது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அது அழியவில்லை. கீரமங்கலத்து வீடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் பச்சையாக மாறின.

ரத்தினவேலின் கோபம் போன இடம் தெரியவில்லை. இப்படி ஒருத்தியை விட்டுவிட்டால் தன்னைவிட முட்டாள் இருக்க முடியாது என்று நினைத்தார். நாளைக்கே வந்து சேரச் சொன்னார். ரகுநாத்துக்குக் கொடுத்ததைவிட அதிகமாகவே சம்பளம் தருவதாகவும், இனி ரூட்டர் விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம் என்றும் சொன்னார்.

ஜெனிஷா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு வேலை ஏற்கெனவே இருக்கு சார், சென்னைக் கம்பெனில. வீட்லேர்ந்தே பாக்குறேன். நாளைக்கும் லைன் இல்லன்னா சென்னைக்கே கெளம்பி வந்துருன்னுட்டாங்க."

"வீட்லேர்ந்தா? ஆவூர்ல நமக்கு லைனே கெடையாதேம்மா?"

"ஆவூர் எங்க அம்மா வீடு. என்னைக் கட்டிக்கொடுத்தது கீரமங்கலத்துல. ஒரு வாரமா ஒங்களுக்குப் போன் போட்டும் யாரும் வரலை, அதான் நானே வந்தேன்."