தெற்குச் சுவர்

“இன்னாம்மா, தலகாணியெல்லாம் எடுத்துக்கினு கெளம்பிட்டீங்க? திரும்ப வரமாட்டீங்களா?” களைவெட்ட வந்த குஞ்சம்மாள் வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

“இனிமே இங்க எனக்கு இன்னாடி வேல? கள்ளக்குறிச்சியில எம்புள்ள வூடு கட்டி, எனக்குன்னு ஒரு எடமும் வுட்டிருக்கான். நல்லது கெட்டதுக்கு வந்து போவேன்” என்றாள் பெரியநாயகி. மோட்டார் கொட்டகையைப் பூட்டி, சாவியை அவள் கையிலேயே கொடுத்தாள். “ஒன் ஆட்டயெல்லாம் இதுல கட்டிக்க.”

கணவர் ராமசாமி போய்ச் சேர்ந்த மறு வருடமே நைனார்பாளையத்து ஓட்டு வீட்டை விற்று, மகன் சிவசங்கர் டவுனில் மனை வாங்கினான். “கொஞ்ச நாளைக்கு கொல்லையில, மோட்டார் கொட்டாயில இரும்மா” என்றான். இருந்தாள். தகரக் கூரையில் மழை பெய்தால் காது அடைத்துப்போகும், வெயில் காய்ந்தால் உயிரே போகும். பாம்புக்குப் பயந்து விளக்கை அணைக்காமல் படுத்த இரவுகள் எத்தனையோ.

போன வாரம்தான் போனில் அந்தச் சேதி வந்தது. “ஒனக்கும் ஒரு எடம் வுட்டிருக்கோம்மா, ஹால்ல, தெக்குச் செவுத்துப் பக்கம். எல்லாம் தேவியோட டிசைன்.”

பெரியநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. தெற்குச் சுவரில் தலைமாடு வருகிற மாதிரி கட்டில் போட இடம் விட்டிருக்கிறாளே மருமகள், இதுவல்லவா குடும்பத்துப் பெண் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

கிரகப்பிரவேசத்தன்று விடிவதற்குள் யாராவது வண்டியெடுத்து வருவார்கள் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, பஸ் பிடித்துப் போனாள். புது வீட்டில் பால் காய்ச்சி முடித்திருந்தார்கள்.

வாசலில் நின்றவளுக்கு வீடு பிடிபடவில்லை. வெளியே கண்ணாடியும் பெட்டி பெட்டியான சுவருமாகத் துபாய். உள்ளே செட்டிநாட்டுத் தூண். பூஜை அறைக் கதவில் கேரளத்து மணிகள். தூணைத் தட்டினாள், டொக்கென்றது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் பெற்ற மனதுக்குப் பெருமை தாளவில்லை.

சிவசங்கர் ஓடிவந்து கையைப் பிடித்துப் படியேற்றினான். மூட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தான். “பங்ஷன் வூட்டுக்கு எதுக்கும்மா பழந்துணி? குடு, கார்லயே இருக்கட்டும்.”

மருமகள் தேவிப்ரியா சொந்தக்காரர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். பெரியநாயகியும் பின்னாலேயே போனாள். கீழே ஓர் அறை. தாழ்வான கட்டில், பூப்போட்ட சுவர், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இருந்தது. நம் முட்டி வலி தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து மெத்தையில் உட்காரப் போனாள்.

“அத்த, பெட்ஷீட்டு கசங்கிடும். இது கெஸ்ட் ரூமு.”

பெரியநாயகி சட்டென்று நிமிர்ந்தாள். கட்டிலின் தலைமாடு கிழக்கே இருந்தது. பிள்ளை சொன்னது தெற்கு அல்லவா, இது நம்முடையது இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாடியில் படுக்கையறை ஒன்று, சினிமா பார்க்க ஒன்று, நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷினுக்கு ஒன்று. மெஷினுக்கே ஒரு அறை என்றால் பெற்றவளுக்கு எப்படியிருக்கும் என்று நினைத்தபடி, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

ஹாலின் தெற்குச் சுவர் முழுக்கத் தேக்கு நிறத்தில் பலகை அடித்திருந்தது. சந்தன மாலையோடு ராமசாமியின் படம். மேலிருந்து ஒரு மஞ்சள் விளக்கு சரியாக அவர் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு விளக்கு, வெறும் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. கடிகாரம் மாட்டுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

படத்துக்குக் கீழே கட்டில் இல்லை, சோபாதான் இருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம். ஆள் வந்து போகிற ஹாலாக இருந்தால்தான் என்ன? அவர் காலடியில் படுத்துக்கொள்வோம், கொட்டகைக்கு இது சொர்க்கம். மனதுக்குள் சோபாவை நகர்த்தி, கட்டிலையும் போட்டு முடித்துவிட்டாள்.

சாயங்காலம் விருந்தாளிகள் போனதும் சிவசங்கர் கார் சாவியை எடுத்தான்.

“கெளம்பலாமாம்மா? இருட்டறதுக்குள்ள கொல்லையில வுட்டுட்டு வந்துடறேன்.”

பெரியநாயகி சிரித்தாள். “இன்னாடா, அம்மாகிட்டயே வெளையாடற? அங்க குஞ்சம்மா இந்நேரம் ஆட்ட கட்டியிருப்பா.”

அவன் சிரிக்கவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

“சங்கரு, எனக்கு எடம் வுட்டிருக்கன்னு சொன்னியேடா! அது எங்கடா?”

“அட, இன்னும் பாக்கலியா நீ?” சிவசங்கரின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவின் தோளை ஆசையோடு அணைத்து, தெற்குச் சுவரிடம் அழைத்துப் போனான். ராமசாமியின் படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் வெளிச்சம் விழுந்த வெறும் பலகையைத் தொட்டுக் காட்டினான்.

“இதாம்மா. அப்பா பக்கத்துலயே மாட்டிடுவோம், லைட்டுகூட இப்பவே போட்டாச்சு.”