ஐந்தாவது பவுல்

“ஏனம்மணி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

கோச் அங்கப்பன் போட்ட சத்தத்தில் பெரியநாயக்கன்பாளையம் கூடைப்பந்து மைதானமே திரும்பிப் பார்த்தது.

ஹாரிகாவுக்கு அது மூன்றாவது பவுல். இடைவேளைகூட வரவில்லை. ஐந்து ஆகிவிட்டால் வெளியே போக வேண்டியதுதான், திரும்ப இறங்க முடியாது.

அதுவும் எந்த ஆட்டத்தில்! அமெரிக்கக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நன்றாக ஆடும் ஒரே ஒரு பெண்ணுக்கு அங்கே இடம். படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம்.

பக்கத்தில் ஹாரிகாவின் அப்பா சீனிவாசலு, பம்பு கம்பெனி முதலாளி. மைதானத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்த புண்ணியவான். அடுத்து மரத்தரையும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

நான்காவது பவுல். எதிராளியின் கையில் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான்.

காலையில், “நான் கோயமுத்தூர்லயே படிச்சா ஆகாதுங்களா சார்?” என்று கேட்டவள்தான். வேண்டுமென்றே செய்கிறாளோ?

“பாத்து ஆடு கண்ணு!” கெஞ்சினார் அங்கப்பன்.

ஐந்தாவதும் ஆயிற்று. ஹாரிகா தலைகுனிந்து வெளியே வந்தாள்.

“பணக்காரத் திமிரு!” என்று யாரோ சொன்னது சீனிவாசலுவின் காதிலும் விழுந்தது. பாவம், மனுசன் முகம் செத்துப்போயிற்று.

அவள் இடத்தில் ஆட ஒருத்திதான் மிச்சம். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் படிக்கும் கனிஷ்கா. “அடுத்த வருசம் பாக்கலாங் கண்ணு” என்று அங்கப்பன் வருசா வருசம் அவளைப் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார். இன்றைக்கு வேறு வழியில்லாமல் இறக்கினார்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! அவள் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூட்டம் எழுந்து நின்றது. ஆட்டம் முடிந்ததும் அமெரிக்க அம்மா நேராகப் போய்க் கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இடம் அவளுக்குத்தான் என்று அங்கேயே சொல்லியும் விட்டார்.

அங்கப்பனுக்கு வயிறு எரிந்தது. ஹாரிகாவைத் தேடிப் போனார்.

“போக இஷ்டமில்லீன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? இப்ப உங்கப்பா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?”

“இஷ்டமில்லாம என்னங் சார்? ரெண்டு வருசமா எனக்கு அதே நெனப்புதானுங்.” சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

“அப்புறம் ஏனம்மணி இப்படிச் செஞ்சுபோட்டே?”

ஹாரிகா ஜெர்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவ என்னைய விட நல்லா ஆடுவான்னு உங்களுக்கும் தெரியுமுங் சார். நான் வெளிய வராட்டி, நீங்க அவள எறக்கியே இருக்க மாட்டீங்க.”